ஈரல் சூடு ஆறுவதற்குள்

சமையலறைத் தரையில் விரித்த அட்டையின் மேல் சுட்டுக் கொண்டுவந்த கடல்நாய் மல்லாந்து கிடக்கிறது. அலூக்கி தன் குவளையிலிருந்து அதன் வாயில் கொஞ்சம் நல்ல தண்ணீர் விடுகிறாள். உப்புக் கடலிலிருந்து வந்த விருந்தாளிக்குத் தாகம் இருக்கும் என்பது அந்தப் பனிநாட்டு நம்பிக்கை. பிறகு பிறைக்கத்தியால் வயிற்றைத் திறக்கிறாள். ஆவி எழுந்து சன்னல் வெயிலில் கலைகிறது. "இதான் கடைசி வேட்டை. பனிவண்டியை வித்துடறேன்," என்கிறான் அவள் கணவன் ஜோனாசி. "தோலை வாங்க ஆளில்லை. பெட்ரோலுக்கே கட்டலை." அவள் தோலை உரிக்கிறாள். கல்யாணமான புதிதில் வீட்டுக்கு வீடு மரச்சட்டங்களில் தோல்கள் விறைத்துக் காயும். அந்தக் காசில்தான் அவளுடைய தையல் மெஷின் வந்தது. அப்புறம் எங்கோ தூரத்தில் யார் யாரோ கடல்நாய் வேட்டைப் படங்களைப் பார்த்து அழுதார்கள். தோல் விலை விழுந்தது. அவர்கள் அழுகையில் பொய்யில்லை என்றுதான் அவளுக்கு இன்றும் படுகிறது. ஆனால் இப்படி அட்டையைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டவர்களை யாரும் படம் எடுக்கவில்லை.

'கறி இருக்கு, வாங்க' என்று ஊர் ரேடியோவில் அவள் சொல்லியிருப்பதால் கதவு மூடுவதே இல்லை. போன கோடையில் கணவனை இழந்த பக்கத்து வீட்டு ஈப்பா, சூடான ஈரல் துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடுகிறாள். "மாமா, முதல் குண்டு பனிக்கட்டியைத்தான் கொன்னுச்சாமே?" "ஒண்ணே ஒண்ணுதான்டி!" என்கிறான் ஜோனாசி. எல்லோரும் சிரிக்கிறார்கள். கிளம்பும்போது ஈப்பா வாசலிலிருந்து ஒரு பெட்ரோல் கேனை உள்ளே நகர்த்துகிறாள். "அவர் படகுக்கு வாங்கி வச்சது. அடுத்த வாரம் எனக்கு விலா வேணும் மாமா." ஜோனாசி கேனைத் தூக்கிக் கனம் பார்க்கிறான். யார் முகத்தையும் பார்க்காமல் அதை வெளியே எடுத்துப்போய் பனிவண்டியில் ஊற்றுகிறான்.