ரெண்டு சொட்டு ஆசிட்

ஆசிட் பாட்டிலைத் திறந்து ரெண்டு சொட்டு விரலில் விட்டுக்கொண்டான் நிதீஷ். குளியலறைக் கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு மூக்கு நுனியில் வைத்ததும் சுரீரென்றது.

"ஏஞ்சாமி, உள்ள இன்னும் என்ன பண்றே? நல்ல நேரம் முடியறதுக்குள்ள வெள்ளகோயில் போய்ச் சேரோணுமல்ல!" வெளியிலிருந்து அம்மா கதவைத் தட்டினாள்.

"வாரேம்மா!"

பதற வேண்டாம். அது கக்கூஸ் கழுவுகிற ஆசிட் இல்லை, சாலிசிலிக் ஆசிட், பருவுக்குப் போடுவது. "ராத்திரி மட்டும் போடுங்க, வெயில்ல போறப்ப சன்ஸ்கிரீன் போட்டுக்கங்க, அவசரப்பட்டு அள்ளிப் போட்டீங்கன்னா தோலு உரிஞ்சுபோயிருமுங்க" என்று சிங்காநல்லூர் மருந்துக்கடைக்காரர் படித்துப் படித்துச் சொல்லித்தான் கொடுத்தார். கல்யாண ஆசை பிடித்தவனுக்கு அதெல்லாம் காதில் ஏறுமா?

பெண் மோகனப்பிரியா, வெள்ளகோவில் எண்ணெய் மில் குமாரசாமியின் மகள். காங்கேயத்தில் ஒரு சொந்தக்காரக் கல்யாணத்தில் பந்தி பரிமாறப்போய், அவள் இலைக்கு நிதீஷ்தான் ரசம் ஊற்றினான். அன்றைக்கே அவனுக்கு மனசு போய்விட்டது.

கொஞ்ச நாளில் அவர்கள் வீட்டிலிருந்தே ஆள் வந்தது. அம்மாதான் இழுத்தாள். "பெரியவன் பிரணேஷ் இருக்கறப்ப சின்னவனுக்கு எப்படீங்க முடிக்கிறது? பெரியவனுக்கே பாக்கலாமுங்களே" என்று திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். பெண்ணோ இளையவர்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றுவிட்டாள்.

நிதீஷுக்கு அங்கேதான் சிக்கல். ஒரே பிரசவத்தில் பிறந்து, ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கிற ரெண்டு பேரில், பிரணேஷின் கன்னம் மட்டும் வழவழவென்று இருக்கும். இவன் கன்னத்திலோ பத்தாவது படிக்கும்போது குடிவந்த பரு காலி பண்ணவே இல்லை. பந்திக் கூட்டத்தில் சரியாகப் பார்த்திருக்க மாட்டாள், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் வேண்டாமென்று சொல்லிவிடுவாள் என்று பயந்தான்.

அதனால்தான் மூன்று மாதமாக இந்தப் பாடு. போட்ட புதிதில் பரு இன்னும் கூடியது. பல்லைக் கடித்துக்கொண்டு விடாமல் போட்டான். கன்னம் ஒருவழியாகத் தெளிந்துவிட்டது. மூக்கு நுனியில் தடம் மட்டும் இருந்தது. காலையிலிருந்து அதன் மேல் இவன் போட்ட போட்டில் மூக்கு சிவந்து உரிய ஆரம்பித்திருந்தது.

கிளம்பும்போது பிரணேஷும் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தான். "நீ வராதடா, உனக்குப் புண்ணியமாப் போகுது. நீ பக்கத்துல நின்னீன்னா எம்மூஞ்சிய எவ பாப்பா?" என்று கெஞ்சி அவனை வீட்டிலேயே நிறுத்திவிட்டான்.

வெள்ளகோவிலில் மோகனப்பிரியா காபித் தட்டோடு வந்தாள். ஆசையாக நிமிர்ந்து பார்த்தவளுக்குச் சட்டென்று முகம் வாடிப்போனது. அவனுடைய ஒரு கன்னத்தைப் பார்த்தாள், மறு கன்னத்தைப் பார்த்தாள், காபியை நீட்டாமல் அப்படியே நின்றாள்.

நிதீஷின் கை தானாக மூக்குக்குப் போனது. உரிந்த தோல் விரலோடு வந்தது. எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டான்.

"இன்னொரு தம்பி வரலீங்களா?" என்று கேட்டார் குமாரசாமி.

"அவனுக்கு ஊட்டுல கொஞ்சம் சோலிங்க" என்றாள் அம்மா அவசரமாக. மோகனப்பிரியா அவளை ஒரு முறை முறைத்தாள்.

"அப்பா, நான் இவருகிட்டத் தனியாப் பேசோணும்."

மாடிக்குப் போனதும் அவள் உட்காரவில்லை, இவனையும் உட்காரச் சொல்லவில்லை.

"எனக்கு இஷ்டமில்லீங்க. கீழ போயி நீங்களே சொல்லிருங்க."

நிதீஷ் மூக்கைக் கையால் மறைத்துக்கொண்டான். "எம்மூஞ்சினாலீங்களா?"

"ஆமாங்க. மூஞ்சியப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சுங்க."

மூன்று மாதம் முகத்தைப் போட்டு எரித்ததெல்லாம் இதற்குத்தானா என்று நினைக்கும்போதே அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கத்தை விட்டுக் கடைசியாக ஒரு தரம் கேட்டுப் பார்த்தான். "இது இன்னுங் கொஞ்ச நாள்ல சரியாப் போயிருமுங்க..."

"எதுங்க சரியாப் போகும்?" என்று சீறினாள். "மூத்தவருக்கு முடிக்காம இளையவருக்கு முடிக்கமாட்டேன்னு உங்கம்மா சொன்னது எனக்குத் தெரியாதுங்களா? அதுக்குன்னு ஒருத்தர் பேரச் சொல்லி இன்னொருத்தரக் கூட்டியாந்தா கண்டுபுடிக்கமாட்டனுங்களா? அன்னிக்குப் பந்தியில, கன்னம் பூரா பருவோட சிரிச்சுட்டே எனக்கு ரசம் ஊத்துனாரே, அவரத்தானுங்க எனக்குப் புடிச்சிருக்குது."

நிதீஷ் வழவழத்த தன் கன்னத்தைத் தடவிப் பார்த்தான்.

"நிக்காதீங்க. போயி உங்க தம்பிய வரச் சொல்லுங்க!"