தலைக்கு வந்தது

"ஹெல்மெட் வாங்குனது தலைக்கா, கண்ணாடிக்கா தம்பி?"

சேரன்மகாதேவி போகும் சாலையின் வளைவில், வேப்பமரத்தடியிலிருந்து திடுமென்று நடுரோட்டுக்கு வந்து கையைக் காட்டிய காக்கிச் சட்டைக்காரர், இப்படிக் கேட்டுக்கொண்டே பைக்கின் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். ஐம்பது வயது இருக்கும். தொப்பி, தடி, முறுக்கிய மீசை.

பைக்கை ஓட்டி வந்த முகுந்தனுக்குச் சுருக்கென்றது. ஹெல்மெட் என்னவோ புதிதுதான், விலை கூடியதுதான். ஆனால் அது பைக்கின் பக்கக் கண்ணாடியில் தொங்கிக்கொண்டிருந்தது. தலையில் போட்டால் வாரிய முடி கலைந்துவிடும். தூரத்தில் போலீசைக் கண்டால் மட்டும் எடுத்து மாட்டிக்கொள்வது அவன் வழக்கம். இன்றைக்கு வளைவு காலை வாரிவிட்டது.

பின்னால் இருந்த அவன் மனைவி ஸ்னேகா ஒழுங்காக ஹெல்மெட் போட்டிருந்தாள். அவள்தான் பதறினாள்.

"சார், எனக்கு இன்னைக்குப் பரீட்சை. அரசாங்க வேலைக்கு. ஒன்பது மணி ஆனா கேட்டை அடைச்சிருவாங்க. அதுக்கப்புறம் அழுதாலும் உள்ளே விட மாட்டாங்க."

"நான் ஒங்கள நிறுத்தலையேம்மா. ஒங்க வீட்டுக்காரர மாட்டச் சொல்லுங்க. மாட்டுனா அடுத்த நிமிசம் சாவி கையில."

விஷயம் அவ்வளவுதான். மாட்டிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் நடுரோட்டில், மனைவி பார்த்துக்கொண்டிருக்க, இன்னொருவர் சொல்லி மாட்டுவதா? ஹெல்மெட் ஏற வேண்டிய இடத்தில் வீம்பு ஏறி உட்கார்ந்துகொண்டது.

"ஃபைன் எவ்வளவு? ரசீதைக் குடுங்க, கட்டிட்டுப் போறேன்."

"ரசீதெல்லாம் எங்கிட்ட கெடையாது."

"ஓ, அப்படியா சங்கதி!" முகுந்தன் பர்ஸைத் திறந்து ஒரு நோட்டை உருவி நீட்டினான்.

"துட்ட உள்ள வைங்க தம்பி. நான் கேட்டது தலைய."

"என் மாமா யாரு தெரியுமா? கலெக்டர் ஆபீஸ்ல இருக்கார். ஒரு போன் போட்டா என்ன ஆகும்னு தெரியுமா?"

"பைய, நிதானமாவே போடுங்க. அவியளுக்கும் தலை ஒண்ணுதான இருக்கும்? அவியளையும் மாட்டச் சொல்லுங்க."

ஸ்னேகாவுக்கு இருந்த கவலையிலும் சிரிப்பு வந்துவிட்டது. முகுந்தன் முறைத்துக்கொண்டே போனைக் காதில் வைத்தான். மணி அடித்தது; மாமா எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தான். கலெக்டர் ஆபீஸ் மாமாக்கள் இந்த மாதிரி சமயத்தில் என்றைக்கு எடுத்திருக்கிறார்கள்?

ஸ்னேகா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு பக்கமும் வயல். ஆட்டோ எதுவும் கண்ணில் படவில்லை. அவளுக்குக் கோபம் வந்தது.

"ரெண்டு வருஷமா விடியறதுக்கு முன்னால எழுந்து படிச்சிருக்கேன்," என்றாள். "உங்க முடி கலைஞ்சா சீப்பு எடுத்து வாரிக்கலாம். இந்தப் பரீட்சை போனா எதை எடுத்து வார்றது?"

பைக்கிலிருந்து இறங்கினாள். கண்ணாடியில் தொங்கிய ஹெல்மெட்டை எடுத்து, பிள்ளைக்குக் குல்லா மாட்டுவதுபோல அவன் தலையில் கவிழ்த்து, தாடைக்குக் கீழே கொக்கியையும் மாட்டிவிட்டாள். முகுந்தன் ஏதோ சொன்னான். ஹெல்மெட்டுக்குள் அது யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை.

காக்கிச் சட்டைக்காரர் கிட்டே வந்து, கொக்கி நன்றாக விழுந்திருக்கிறதா என்று வாரை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். திருப்தியாகத் தலையாட்டிவிட்டுச் சாவியைக் கொடுத்தார். கேட் அடைக்க இன்னும் நேரம் இருந்தது, விரட்டாமலே போய்விடலாம்.

"இப்பக் குடுங்க தம்பி," என்றார்.

"எதை?"

"முன்ன நீட்டுனீங்கள்லா, அந்தத் துட்ட."

முகுந்தனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "பாத்தியா ஸ்னேகா! சுத்திச் சுத்தி கடைசியில இங்கதான் வந்து நிப்பாங்கன்னு எனக்குத் தெரியும். ஊருக்குத்தான் உபதேசம்!"

"கையில வேண்டாம். இதுல போடுங்க."

வேப்பமரத்தடிக்குப் போய், அங்கே வைத்திருந்த ஒரு பித்தளைத் தட்டை எடுத்துவந்து நீட்டினார். தட்டில் குங்குமம், வேப்பிலை, கொஞ்சம் சில்லறை. நடுவில் முத்தாரம்மன் படம்.

அப்போதுதான் இருவரும் பார்த்தார்கள். அவர் காலில் பூட்ஸ் இல்லை, செருப்பும் இல்லை. காலருக்குள்ளிருந்து சிவப்புப் பாசிமணி மாலை எட்டிப் பார்த்தது. இது தசரா நேரம் என்பதே பரீட்சைப் பதற்றத்தில் அவர்களுக்கு மறந்துபோயிருந்தது.

"நீங்க... போலீஸ் இல்லையா?"

"நான் எப்ப போலீசுன்னேன்? பேரு மாடக்கண்ணு. இங்கன வாழைத்தார் யாவாரம். குலசை முத்தாரம்மனுக்கு நேந்து, மாலை போட்டு, தசராவுக்கு வேஷம் கெட்டிக் காணிக்கை எடுக்கேன்."

முகுந்தன் நோட்டைத் தட்டில் வைத்தான்.

ஸ்னேகாவுக்குக் கேட்காமல் போக மனசு வரவில்லை. "எல்லாரும் காளி, கிருஷ்ணன்னு சாமி வேஷம் போடுவாங்க. நீங்க எதுக்கு அண்ணாச்சி இந்த வேஷம்?"

மாடக்கண்ணு அவள் நெற்றிக்குக் குங்குமத்தை நீட்டினார்.

"போன வருசம் இதே வளைவுல எம் மவன ஒரு போலீஸ்காரரு மறிச்சு, சாவியப் பிடுங்கி, நாலு ஏச்சு ஏசி, ஹெல்மெட்ட மாட்ட வச்சு விட்டாரு. பய வீடு வாரதுக்குள்ள லாரி அடிச்சிட்டு. ஹெல்மெட்டு ரெண்டாப் பொளந்துட்டு, பய இன்னைக்கும் வீட்ல இருந்து சோறு தின்னுதான். அதுக்குப் பொறவு நான் வேற எந்தச் சாமி வேஷம்மா கெட்டட்டும்?"