பின்னுக்கு நகர இடம்

கணவனின் கருமாதி முடிந்த மறுநாள், ஒச்சம்மாள் அவனுடைய புதுத் துப்பாக்கியைப் பழைய சேலையில் சுற்றி, வாங்கிய துப்பாக்கிக் கடையிலேயே ஒப்படைக்க வந்தாள். ஒன்று வெடித்ததும் அடுத்த தோட்டா தானாக ஏறுகிற துப்பாக்கி அது. அன்றைக்கு இரண்டாவது தோட்டா ஏறவில்லை, அதற்குள் யானை வந்துவிட்டது என்று யார் வீட்டுக் கதையையோ போலச் சொன்னாள். கடைக்காரர் மரியதாஸ் அதைக் கொல்லைக்குக் கொண்டுபோய் மணல்மூட்டையில் ஐந்து முறை சுட்டுவிட்டு வந்தார்.

"அஞ்சும் பிசிறில்லாம ஏறுதும்மா. எண்ணெய நெறையா ஊத்துவாரோ?"

"இல்லண்ணே."

"குழல்ல டார்ச்சு கீர்ச்சு கட்டியிருந்தாரா?"

"இல்ல."

"அப்ப துப்பாக்கியோட அடிக்கட்டைய எதுலயோ முட்டுக்குடுத்துச் சுட்டிருக்காரு. வெடிக்கிறப்ப பின்னால உதைக்கும்ல, அந்த உதையிலதான் அடுத்தது ஏறும். பின்னுக்கு நகர எடமில்லன்னா ஏறாது. அவருக்குப் பின்னால மரம், செவுரு ஏதும் இருந்துச்சா?"

ஒச்சம்மாள் சேலையை மடித்தாள். வீட்டுக் கதவின் வெளிப்பக்கம், இடுப்பு உயரத்தில், அடிக்கட்டை அமுங்கிய தடம் இருக்கிறது. உள்பக்கம் அதே உயரத்தில் தாழ்ப்பாள். யானை நிற்கையில் யார் கூப்பிட்டாலும் திறக்காதே என்று சொல்லிவிட்டுப் போனவன் அவன்தான். பிறகு அவனே இரண்டு தரம் கூப்பிட்டான்.

"ஒண்ணுமில்லண்ணே," என்றாள். "வெட்டவெளி."