திருப்பிக் கொடுத்த கட்டு

"உங்க கேஸ் கட்டை இன்னைக்கே எடுத்துட்டுப் போயிருங்க அக்கா. இனி நான் உங்களுக்காக ஆஜராக முடியாது."

அஸ்தம்பட்டி ஆபீசில், வக்கீல் வசந்தாமணி நிமிராமலே சொன்னாள்.

பூவாத்தாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மல்லசமுத்திரத்தில் புருஷன் விட்டுப்போன இரண்டு ஏக்கரும் கிணறும்தான் அவளுக்கு மிச்சம். அதையும் கொழுந்தன் வளைத்துக்கொண்டான். சப் கோர்ட்டில் தீர்ப்புக்கு இன்னும் பத்து நாள்.

"ஏனுங்க, நான் என்ன தப்புப் பண்ணுனேன்?"

"தப்பு உங்க மேல இல்லை. காரணத்தை வெள்ளிக்கிழமை வரைக்கும் கேக்காதீங்க. அருணகிரி வக்கீல் பாத்துக்குவாரு."

போன வாரம் பஸ்ஸில் கொழுந்தன் பல்லிளித்தது ஞாபகம் வந்தது.

"உங்க வக்கீலம்மா நம்ம கேஸ் ஜட்ஜ் ஊட்டுக்குப் போயிட்டு வருதாமா. முன்சீப் வேலைக்கு மனுப் போட்டிருக்குதே, அதுக்கு நற்சான்று அவரு கையிலதான். நீங்க எந்த மூலைக்கு அண்ணி?"

அன்றைக்கு நம்பவில்லை. இன்றைக்கு நம்பினாள்.

மேஜைமேல் வைத்த நிலக்கடலைப் பையைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

"பொம்பளைக்குப் பொம்பளை தொணைன்னு வந்தேன். நீங்களும் நாற்காலிக்கு ஆசைப்பட்டுட்டீங்க. நல்லா உக்காருங்க சாமி!"

"ஆசை இருக்குதுங்க அக்கா. இல்லைன்னு சொல்ல மாட்டேன்."

பூவாத்தாள் படியிறங்கினாள்.

அருணகிரி காட்டிய இடத்திலெல்லாம் ரேகை வைத்தாள். என்ன மனு என்றுகூடக் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாவட்ட ஜட்ஜ் முன் அருணகிரி எழுந்தார். வழக்கை வேறு கோர்ட்டுக்கு மாற்றவேண்டும் என்றார்.

"சப் ஜட்ஜ் மேல் இவ்வளவு பெரிய புகார். யார் சாட்சி?"

அருணகிரி ஒரு பிரமாணப் பத்திரத்தைப் படித்தார்.

"'என் கட்சிக்காரர் தோற்றபின் அப்பீலுக்குப் போகாமல் பார்த்துக்கொண்டால், முன்சீப் பதவிக்கு நற்சான்று தருவதாக சப் ஜட்ஜ் என்னை வீட்டுக்கு வரவழைத்துச் சொன்னார். இப்படிக்கு, வசந்தாமணி, வழக்கறிஞர்.'"

மாவட்ட ஜட்ஜ் பத்திரத்தை வாங்கித் தானே ஒருமுறை படித்தார்.

தீர்ப்பை நிறுத்திவைக்க உத்தரவானது. பூவாத்தாள் ஓடிப்போய் வராந்தாவில் வசந்தாமணியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப உங்க முன்சீப் வேலை?"

"அது போச்சுங்க அக்கா."

"இத்தனையும் எனக்காகப் பண்ணிப்போட்டு, கட்டை மட்டும் ஏன் சாமி திருப்பிக் குடுத்தீங்க? நீங்களே நின்னு பேசியிருக்கலாமே. நானும் வாய்க்கு வந்ததைப் பேசிப்போட்டேன்."

வசந்தாமணி சிரித்தாள்.

"சாட்சி சொல்றவ அதே கேஸுல வக்கீலா நிக்கக் கூடாதுங்க அக்கா. வக்கீல் உங்களுக்கு நூறு பேரு கெடைப்பாங்க. சாட்சி நான் ஒருத்திதானே?"