அக்காவை ஏன் இழுக்கிறே?

"எங்க அக்காவை ஏன் இதுல இழுக்கிறே? அவ பாட்டுக்கு..."

"இழுப்பேன்! நம்ம புது வீட்டைப் பார்த்துட்டுப் புறாக்கூடுன்னு சொன்னவங்கதானே?"

"அவ விளையாட்டுக்குச் சொன்னா!"

"நான் சமைச்சதை நாய்க்கு வெச்சாங்களே, அதுவும் விளையாட்டா?"

"நாயே சாப்பிடலையேடி!"

சுற்றியிருந்தவர்கள் நெளிந்தார்கள். "இந்த நேரத்துல போய் குடும்பச் சண்டையா, மேடம்?" என்றார் மலையேற்ற கிளப் செயலாளர்.

"நீங்க சும்மா இருங்க சார். அவங்க அக்கா வாயைத் திறந்தாலே பொய்!"

"ஏய்! எங்க அக்காவைப் பத்தி இன்னும் ஒரு வார்த்தை பேசினே..."

கணவர் அடிவயிற்றிலிருந்து கத்தினார். கத்தி முடித்ததும் நெஞ்சு சுருங்கியது. அரை மணி நேரமாகச் சுண்ணாம்புப் பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டிருந்த உடம்பு வழுக்கி வந்து மனைவியின் மடியில் விழுந்தது.

குகையே அதிரக் கைதட்டினார்கள்.

"மூச்சை விடுங்க விடுங்கன்னு கெஞ்சினோம். பயத்துல நெஞ்சை உப்பிக்கிட்டே இருந்தாரு. கத்தினா மூச்சு தானா வெளியே போயிடும்ல?" என்று செயலாளரிடம் சிரித்தாள் அவள்.

சேறு அப்பிய முகத்தோடு கணவரும் சிரித்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"அப்போ, அக்காவைப் பத்திச் சொன்னதெல்லாம் சும்மாதானே?"