பூசணிக்கு உவ்வா

"டீச்சரம்மா, இங்க கொஞ்சம் வாங்களேன். சிட்டு பண்ணியிருக்கிற காரியத்தைப் பாருங்க!"

ஆயா கூப்பிட்டதைக் கேட்டு டீச்சர் திரும்பினாள்.

குழந்தைகள் காப்பகத்தின் பெரிய அறை அன்று போர்க்களமாக இருந்தது. இரண்டு வயது வாண்டுகள் ஒன்பது பேர், ஆளுக்கொரு குட்டிப் பூசணிக்காய். கத்தி கிடையாது, வெட்டுவது கிடையாது. சாயம் பூசலாம், ஸ்டிக்கர் ஒட்டலாம், நூல் சுற்றலாம். அது அலுத்துவிட்டால் பக்கத்திலேயே மூன்று தொட்டிகள். ஒன்றில் பூசணிச் சதையும் விதையும், ஒன்றில் சோள மாவு, ஒன்றில் தண்ணீர். கையை விட்டுப் பிசைந்து, தொட்டுத் தொட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது டீச்சரின் திட்டம். மூன்றையும் ஒருவர் தலையில் ஒருவர் கொட்டிக்கொள்வது அந்தத் திட்டத்தில் இல்லை.

சற்றுமுன் ஒரு வாண்டு டீச்சர் முகத்திலேயே ஒரு கை மாவை வீசியிருந்தது. "நல்லா பவுடர் போட்டு விட்டுட்டான்" என்று சிரித்தபடி ஆயா ஈரத்துண்டை நீட்டினாள்.

"இருக்கட்டும் ஆயா. துடைச்சா திரும்பவும் வீசுவான்" என்று டீச்சர் வாங்கவில்லை.

சிட்டு வந்து சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது. வாயில் வருவதே நாலு வார்த்தை. அதிலும் காலை முதல் மாலை வரை 'அம்மா, அம்மா' என்று ஒரே பல்லவி. தாயைத் தேடுகிறது பாவம் என்று டீச்சர் அவளை இடுப்பை விட்டு இறக்குவதே இல்லை. மத்தியானம் பக்கத்தில் படுத்துத் தட்டிக்கொடுத்தால்தான் தூங்குவாள்.

சிட்டுவின் பூசணிக்கு இரண்டு கண், ஒரு வாய், உச்சியில் கறுப்பு நூலில் முடி. அதுவரை சரி. ஆனால் இடது கண்ணுக்குக் கீழே நீலச் சாயம் அப்பியிருந்தது. அதைச் சுற்றி, முதலுதவிப் பெட்டியிலிருந்து எடுத்த பிளாஸ்திரி. ஒன்றல்ல, நான்கு.

"இது யாரு தங்கம்?"

"அம்மா."

"அம்மாவுக்கு என்ன?"

"உவ்வா" என்ற சிட்டு, பூசணியின் கன்னத்தில் வாயை வைத்து ஊதினாள். பிறகு சொன்னாள், "அடி."

டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஆயா, இந்த வாரம் சிட்டுவை யாரு கூட்டிட்டு வர்றாங்க?"

"அவங்க அப்பாதான். அம்மாவை நாலு நாளா கண்ணுலயே காணோம்." சொன்ன பிறகுதான் ஆயாவுக்கு உறைத்தது. "ஐயையோ! அந்த மனுஷனா? வாயில விரலை வெச்சாக்கூடக் கடிக்கத் தெரியாத ஆளு மாதிரி இருப்பாரே!"

"வெளியில எல்லாரும் அப்படித்தான் இருப்பாங்க" என்றாள் டீச்சர்.

உடனே சிட்டுவின் தாய்க்கு போன் போட்டாள். "தனியா வாங்க. வீட்டுக்காரர்கிட்ட எதுவும் சொல்லிக்க வேணாம்."

அவள் வேலை பார்க்கும் பேக்கரி அடுத்த தெருவில்தான். பத்தே நிமிஷத்தில், கட்டிய ஏப்ரனோடு மூச்சிரைக்க ஓடிவந்தாள். டீச்சர் அவளைச் சின்ன அறைக்குள் அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"பாப்பாவுக்கு என்ன டீச்சர்?"

"சிட்டு நல்லா இருக்கா. நான் உங்களைப் பத்திப் பேசணும்." டீச்சர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "என்கிட்ட மறைக்காதீங்க. பாத்ரூம்ல வழுக்கிடுச்சு, கதவு இடிச்சிடுச்சுன்னு மட்டும் சொல்லாதீங்க. அடிக்கிறதையும் அடிச்சுட்டு, மறுநாள் அழுதுக்கிட்டே மன்னிப்புக் கேப்பாங்க. மாறிடுவார், மாறிடுவார்னு நாமளும் எத்தனை நாளைக்குத்தான் பொறுத்துக்கிறது?"

தன் கைப்பையின் அடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். மடித்து மடித்து ஓரமெல்லாம் நைந்துபோன காகிதம். "இது பெண்கள் உதவி மையத்தோட நம்பர். இப்பவே பேசுங்க. நான் கூட இருக்கேன்."

சிட்டுவின் தாய் திகைத்துப்போய் நின்றாள். அவள் முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. முழங்கை வரை ரொட்டி மாவு காய்ந்திருந்ததைத் தவிர, கைகளிலும் ஒன்றும் இல்லை.

"யாரு, அவரா? என்னையா? டீச்சர், அவர் எறும்பைக்கூட நசுக்காம ஊதித் தள்ளுற ஆளு! கடையில பெரிய ஆர்டர். விடியகாலையில போனா இருட்டுனப்புறம்தான் வர்றேன். அதான் இந்த வாரம் அவர் கொண்டாந்து விடுறாரு."

"அப்ப இது?" டீச்சர் பூசணியை அவள் முன் வைத்தாள். "இது அம்மான்னு உங்க பொண்ணுதானே சொன்னா?"

சிட்டுவின் தாய் பூசணியைப் பார்த்தாள். நீலத்தைப் பார்த்தாள். பிளாஸ்திரியைப் பார்த்தாள். பிறகு தலை நிமிர்ந்து டீச்சரைப் பார்த்தபோது அவள் முகம் வெளிறியிருந்தது.

"டீச்சர், அவ என்னை மம்மின்னுதான் கூப்பிடுவா. ஒரு நாளும் அம்மான்னு கூப்பிட்டதில்ல. ஆயா கூப்பிடுற மாதிரி 'டீச்சரம்மா'ன்னு சொல்லப் பாக்குறா. அவ வாயில பாதிதான் வருது. வீட்டுக்கு வந்தும் அம்மா எங்க, அம்மா எங்கன்னு உங்களைத்தான் தேடுறா."

கதவு மெல்லத் திறந்தது. தண்ணீர்த் தொட்டியில் அளைந்த கையும் ஐந்தாவது பிளாஸ்திரியுமாக சிட்டு ஓடிவந்தாள். டீச்சரின் மடியில் ஏறி நின்று, "அம்மா" என்றாள். ஈரக் கையால் இடது கன்னத்து மாவை வழித்தாள். மாவுக்கு அடியில் பூசியிருந்த பவுடரும் சேர்ந்து வந்தது. பூசணியின் கன்னத்தில் இருந்த அதே நீலம் டீச்சரின் கன்னத்திலும். சிட்டு அதன்மேல் பிளாஸ்திரியை ஒட்டி, வாயைக் குவித்து ஊதினாள்.

சிட்டுவின் தாய் குனிந்து அந்த நீலத்தைக் கிட்டத்தில் பார்த்தாள்.

"கதவு இடிச்சிடுச்சு" என்றாள் டீச்சர்.