உள்ளே இருக்கும் அம்மா

போட்ஸ்வானா தலைநகர் கபரோனியில், நாடாளுமன்ற வாசலில், முதுகில் கைக்குழந்தையைத் துணியால் கட்டிக்கொண்டு வந்து நின்ற லெசேகோவைப் பார்த்ததும், வேலைக்குச் சேர்ந்து மூன்றே நாளான காவலர் மொதுசிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“என்ன தம்பி, பிள்ளை சுமக்குற வேலை உன் தலையில விழுந்துடுச்சா?”

“பாப்பா பசியில அழுறாண்ணே. இவ அம்மா உள்ள இருக்கா. கொஞ்சம் விடுங்க.”

“கைக்குழந்தைக்கு அனுமதி இல்லப்பா. உன் சம்சாரம் சமையல்கட்டா, துப்புரவா? கூப்பிட்டு விடுறேன்.”

“கத்துறவங்களை அடக்குற வேலைண்ணே.”

குழந்தை வீறிட்டது. உள்ளே மணி அடித்தது.

“சபை பதினைந்து நிமிடம் ஒத்திவைப்பு!” என்றது ஒலிபெருக்கி.

வெள்ளைப் பொய்முடியும் கருப்பு அங்கியுமாகச் சபாநாயகர் வாசலுக்கு ஓடி வந்தார்.

“இதோ வந்துட்டேன்டி செல்லம்!”

மொதுசி விறைத்து நின்று சல்யூட் அடித்தார். அடுத்த நொடியே தன் நாற்காலியைத் துடைத்து நிழலில் போட்டார்.

“உக்காருங்கம்மா, ஒரு பய கிட்ட வரமாட்டான்!”

அன்றைக்குப் பதினைந்து நிமிடம், சபாநாயகர் நாற்காலி வாசலில் இருந்தது.